செல்பேசி வழியே விவசாயச் செய்தி: சிறு சேவையொன்றை நடத்தும் முறை

மக்காச்சோளப் பயிரை அழிக்கும் அமெரிக்கப் படைப்புழு, இந்தியாவில் முதன்முதலாக 2018-ம் வருஷம் மே மாதத்தில் கர்நாடகத்தில் கண்டறியப்பட்டது. அவ்வருஷம் முடிவதற்குள் தமிழ் நாட்டு மக்காச்சோள நிலங்களிலும் அது பரவிவிட்டது. இதன் தாய் அந்துப்பூச்சி இலைகளின்மேல் குவியல் குவியலாக முட்டையிடுகிறது. இரண்டு மூன்று தினங்களில் முட்டைகள் பொரிகின்றன. இளம் புழுக்கள் சில தினங்கள் இலையைச் சுரண்டித் தின்று, பின்னர் குருத்துக்குள் புகுந்துகொள்கின்றன. குருத்துக்குள் புகுமுன் கண்டுகொண்ட குடியானவன், முட்டைக் குவியலையும் இளம் புழுவையும் கையாலேயே நசுக்கி அழிக்கலாம். புகுந்தபின் அறிந்தவனுக்கோ மருந்துச் செலவும் மகசூல் நஷ்டமும் சேர்ந்து வருகின்றன. ஆகவே, புழுவைப்பற்றிய அறிவு நூல்களில் இருப்பது மாத்திரம் போதாது. பக்கத்துத் தாலூகாவில் அது காணப்பட்டது என்ற செய்தி உரிய வாரத்தில், உரியவன் கையில் கிடைக்கவேண்டும்.

விதை, எரு, நீர் ஆகியவற்றைப்போலவே செய்தியும் சாகுபடிக்கு வேண்டிய ஒரு சாதனம் என்பதை இதனால் உணரலாம். இக்காலத்தில் செய்திக்குப் பஞ்சம் இல்லை. வானிலை இலாகா, விவசாயப் பல்கலைக்கழகம், மார்க்கெட்டு விலைத் தளங்கள், செய்தித்தாள்கள் முதலியன நாள்தோறும் ஏராளமாக வெளியிடுகின்றன. அவற்றுள் தன் பயிருக்கும் தன் ஊருக்கும் பொருந்தியதைத் தேடி எடுக்கக் குடியானவனுக்கு அவகாசம் இல்லை என்பதே குறை. இக்குறையை நீக்க, ஒரு கூட்டுறவுச் சங்கமோ, உழவர் உற்பத்தியாளர் குழுவோ, படித்த வாலிபர் இருவரோ சொற்பச் செலவில் ஒரு செய்திச் சேவையை ஏற்படுத்தி, செல்பேசியிலுள்ள செய்திச் செயலிகளின் வழியே சந்தாதாரர்களுக்கு அனுப்பிவரலாம். அதை ஏற்படுத்தும் விதமும், நடத்துவதில் நேரும் இடையூறுகளும் இங்கு விவரிக்கப்படுகின்றன.

முன் அனுபவங்கள்

விலைச் செய்தியை விரைவில் கொண்டு சேர்ப்பதே ஒரு தொழிலாதல் புதிய வழக்கமன்று. 1850-ம் வருஷத்தில், ஜெர்மனியிலுள்ள ஆகன் நகருக்கும் பெல்ஜியத்திலுள்ள பிரஸ்ஸல்ஸ் நகருக்கும் இடையே தந்திக் கம்பி இன்னும் இணைக்கப்படாதிருந்தது. அந்த இடைவெளியில் பால் ஜூலியஸ் ராய்ட்டர் என்பவர் புறாக்களின் மூலம் பங்கு விலைகளை அனுப்பி, ரயிலை முந்தினார். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற ராய்ட்டர் செய்தி ஸ்தாபனம் இவ்வாறே தொடங்கிற்று.

நம் பக்கத்தில் 1998-ம் வருஷத்தில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிப் பகுதியில் கிராம அறிவு மையங்களை நிறுவியது. வில்லியனூரில் தலைமை நிலையம் இருந்தது. அங்கிருந்து கிராமங்களுக்கு வானொலி அலை வழியாகச் செய்திகள் அனுப்பப்பட்டன. வீராம்பட்டினம் என்ற மீனவ ஊரில், அமெரிக்கக் கடற்படையின் இணையதளம் வெளியிட்டுவந்த அலை உயர முன்னறிவிப்பை எடுத்து, தமிழில் ஒலிபெருக்கி மூலம் கடற்கரையில் அறிவித்தனர். தூர தேசத்தில் வேறொரு காரியத்துக்காகத் தயாரிக்கப்பட்ட செய்தியொன்று, அதைத் தேர்ந்தெடுத்து மொழிமாற்றிக் கொடுக்கும் ஒரு சிறு நிலையம் இருந்தமையால், கட்டுமரத்தில் செல்பவனுக்குப் பயன்பட்டது. சேவை நடத்த விரும்புவோர் இதைப் பாடமாகக் கொள்ளலாம்.

விலைச் செய்தியின் பயனைக் கணக்கிட்ட இரண்டு ஆராய்ச்சிகள் கவனிக்கத் தக்கவை. கேரளத்தின் வட ஜில்லாக்களில் 1997 முதல் 2001 வரை செல்பேசி வசதி படிப்படியாக வந்தது. மத்தி மீன் பிடிப்போர் கடலில் இருந்தபடியே பல கரைகளின் விலையை விசாரித்து, விலையுள்ள கரைக்குப் படகைத் திருப்பலாயினர். ராபர்ட் ஜென்ஸன் என்னும் பொருளாதார அறிஞர் இதை ஆராய்ந்து, 2007-ம் வருஷத்தில் முடிவுகளை வெளியிட்டார். விற்பனையாகாமல் மீன் வீணாவது அறவே நின்றது. மீனவர் லாபம் சராசரி 8 சதவீதம் உயர்ந்தது. வாங்குவோர் கொடுக்கும் விலையும் 4 சதவீதம் குறைந்தது.

இதற்கு மாறாக, மஹாராஷ்டிரத்தில் குடியானவர்களுக்கு விலையும் வானிலையும் குறுஞ்செய்தியாக அனுப்பிய சேவையொன்றை 100 கிராமங்களில் பரிசோதித்த ஆராய்ச்சி 2012-ம் வருஷத்தில் வெளிவந்தது. சந்தாதாரர்கள் பெற்ற விலையில் சராசரியாகக் குறிப்பிடத்தக்க உயர்வு எதுவும் அதில் காணப்படவில்லை. செய்தி கிடைப்பது வேறு, அதைக்கொண்டு செயல்படக் கூடுவது வேறு என்பது இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விளங்கும். படகைத் திருப்பக் கூடியவனுக்கு விலைச் செய்தி பணமாகிறது. கடன் கொடுத்த மண்டிக்காரரிடமே சரக்கைப் போடவேண்டிய நிலையிலுள்ளவனுக்கு, அடுத்த ஊர் விலை உயர்வு மனவருத்தத்தையே தரும். ஆகையால் சேவை நடத்துவோர், ஒவ்வொரு செய்தியையும் அனுப்புமுன், இதைக் கேட்டவன் நாளை என்ன செய்யக்கூடும் என்று வினவிக்கொள்ளுதல் அவசியம். விடை இல்லாத செய்தியை விட்டுவிடலாம்.

செய்தி ஓடை என்பது யாது?

பல இணையதளங்கள், தாம் புதிதாக வெளியிடும் விஷயங்களின் பட்டியலை இயந்திரம் படிக்கக்கூடிய வடிவில் தனியாக வைத்திருக்கின்றன. இதையே செய்தி ஓடை என்பர். ஆர்.எஸ்.எஸ். என்னும் ஓடை முறை 1999-ம் வருஷத்தில் தோன்றியது. ஆட்டம் என்னும் மற்றொரு முறை 2005-ல் நிர்ணயம் பெற்றது. இரண்டும் இன்றும் வழக்கில் உள்ளன. ஓடையிலுள்ள ஒவ்வொரு செய்திக்கும் தலைப்பு, சுருக்கம், வெளியான நேரம், முழு விவரம் உள்ள பக்கத்தின் முகவரி, அச்செய்திக்கே உரிய ஓர் அடையாளக் குறி ஆகியவை உண்டு.

சேவையின் அமைப்பை ஏரிப் பாசனத்தோடு ஒப்பிட்டு விளக்கலாம். வெளியிடும் தளம் ஏரி, ஓடை வாய்க்கால், செய்திச் செயலி வயலுக்குப் போகும் கிளைக்கால். இடையில் மடையைத் திறந்து மூடி, எந்த வயலுக்கு எவ்வளவு என்று பார்த்து விடும் ஆள் ஒருவன் வேண்டும். அவ்வேலையைச் செய்வது ஒரு சிறு கணினி நிரல். இந்நிரல், வாடகைக்கு எடுத்த சர்வர் ஒன்றில் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும். குறித்த இடைவெளியில் ஒவ்வோர் ஓடையையும் பார்வையிட்டு, முன் கண்ட அடையாளக் குறிகளைத் தன் பதிவேட்டுடன் ஒத்துப்பார்த்து, புதியதை மாத்திரம் எடுத்து அனுப்பும்.

தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் சசேத் தளம், புயல், கனமழை, இடி முதலிய எச்சரிக்கைகளை ஓடையாகவே தருகிறது. மார்க்கெட்டு விலைகளை மத்திய சர்க்காரின் திறந்த தரவுத் தளத்திலிருந்து நிரல் மூலம் நாள்தோறும் பெறலாம். ஜில்லாவாரியான விவசாய வானிலை அறிக்கை செவ்வாய், வெள்ளி ஆகிய இரண்டு தினங்களில் வெளியாகிறது. அதில் அடுத்த ஐந்து தினங்களின் முன்னறிவிப்பும் பயிர்வாரியான யோசனைகளும் உள்ளன. ஓடையாகக் கிடைக்காத இவ்வித அறிக்கைகளை நடத்துவோரே படித்து, தம் தாலூகாவுக்கு உரியதைச் சுருக்கி, கையால் சேர்க்கவேண்டும். இயந்திரம் முழு வேலையையும் செய்துவிடும் என்று எண்ணுவது தவறு.

எந்தச் செயலியை மேற்கொள்வது?

நம் கிராமங்களில் வாட்ஸப்பே பெரும்பாலோர் கையில் உள்ளது. டெலிகிராம் அத்துணைப் பரவவில்லை. ஆயினும், தானே இயங்கும் சேவைக்கு டெலிகிராம் மிக எளிது. 2015-ம் வருஷம் முதல் அச்செயலி, பாட் எனப்படும் தானியங்கிக் கணக்குகளை எவரும் கட்டணமின்றி ஏற்படுத்த இடம் தருகிறது. பாட்ஃபாதர் என்னும் கணக்குக்கு எழுதிப் பெயரொன்றைப் பதிவு செய்தால், டோக்கன் எனப்படும் இரகசியச் சாவி ஒன்று கிடைக்கும். அச்சாவியை வைத்துக்கொண்டு நிரல் செய்திகளை அனுப்பலாம். சாவி பிறர் கையில் சிக்கினால், அவர் நம் பெயரில் எதையும் அனுப்பக்கூடும். ஆதலின் அதைப் பெட்டிச் சாவிபோல் காத்தல் வேண்டும்.

டெலிகிராமில் பாட் தானாக எவருக்கும் முதற் செய்தி அனுப்ப இயலாது. சந்தாதாரரே முதலில் அதனிடம் தொடங்கவேண்டும். இது ஒரு நல்ல ஏற்பாடே ஆகும். விரும்பாதவனுக்குச் செய்தி போகாது.

வாட்ஸப்பில் மூன்று வழிகள் உண்டு. முதலாவது, குழு அமைத்தல். இதில் 1024 பேர் வரை சேரலாம்; ஆனால் அங்கத்தினர்களின் எண்களை மற்ற எல்லோரும் காண்பர். மேலும், எல்லோரும் எழுத இடம் கொடுத்தால் காலை வணக்கங்களுக்கு நடுவே புயல் எச்சரிக்கை மறைந்துபோகும். இரண்டாவது, ஒலிபரப்புப் பட்டியல். இதில் ஒரு பட்டியலுக்கு 256 பேரே அடங்குவர். அவர்களும் அனுப்புவோரின் எண்ணைத் தம் செல்பேசியில் பதிந்து வைத்திருந்தால்தான் செய்தி சேரும். மூன்றாவது, 2023-ம் வருஷத்தில் இந்தியாவுக்கு வந்த சேனல் முறை. சேனலில் சந்தாதாரர் ஒருவரின் எண்ணை மற்றவர் காண இயலாது, எண்ணிக்கைக்கும் தடையில்லை. சிறு சேவைக்கு இதுவே தகுதியானது. வர்த்தக முறையில் நிரல் வழியே அனுப்பும் வசதியும் உண்டு. அதற்குக் கட்டணம் செலுத்தவேண்டும், முன்மாதிரிச் செய்திகளுக்கு அங்கீகாரமும் பெறவேண்டும். அங்கீகாரமற்ற நிரல்களைக்கொண்டு சாதாரணக் கணக்கிலிருந்து மொத்தமாக அனுப்பினால் அந்த எண்ணே தடை செய்யப்படும். சங்கத்தின் எண் ஒருமுறை தடைப்பட்டால், அதை நம்பியிருந்த குடியானவர் அனைவரும் ஒரே நாளில் செய்தியற்றுப் போவர்.

டெலிகிராமில் தானியங்கிச் சேவையும், வாட்ஸப் சேனலில் கையால் இடும் தினசரிச் சுருக்கமுமாக இரண்டையும் சேர்த்து நடத்துவது நடைமுறைக்கு ஏற்றது.

நிரல் கவனிக்கவேண்டியவை

நிரல் எழுதுவது இளைஞர் சிலருக்குச் சில தினங்களின் வேலையே. அதைப் பிழையின்றி மாதக்கணக்கில் ஓட்டுவதே சிரமம். இடையூறுகளிற் பெரும்பாலானவை முன்பே அறிந்து தடுக்கத் தக்கவை.

முதலாவது, ஓடையை அளவுக்கு மீறிப் பார்வையிடலாகாது. 12 ஓடைகளை அரைமணிக்கு ஒருமுறை பார்த்தால் ஒரு நாளைக்கு 576 முறை ஆகிறது, இது போதுமானது. ஒவ்வொரு முறையும் முழு ஓடையையும் தருவிப்பதற்குப் பதிலாக, சென்ற முறைக்குப்பின் மாற்றம் உண்டா என்று மாத்திரம் கேட்க வசதியுண்டு. மாற்றமில்லையேல் எதிர்ச் சர்வர் 304 என்ற எண்ணை மாத்திரம் விடையாகத் தரும். இதனால் இருபுறமும் சுமை குறையும். இலவசமாகத் தருபவனுடைய கிணற்றை வற்றடிப்பது மரியாதையன்று. எச்சரிக்கை ஓடையை மாத்திரம் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை பார்க்கலாம்.

இரண்டாவது, புதிய ஓடையொன்றைச் சேர்க்கும் தினத்தில், அதிலுள்ள பழைய செய்திகள் அனைத்தும் நிரலுக்குப் புதியனவாகவே தோன்றும். அவற்றை அனுப்பினால் சந்தாதாரருக்கு ஒரே நொடியில் ஐம்பது செய்திகள் போய்ச் சேரும். அன்றே பலர் விலகிவிடுவர். ஆகவே முதல் பார்வையில் காண்பனவற்றையெல்லாம் அனுப்பியவையாகக் குறித்துக்கொண்டு, இரண்டாம் பார்வை முதல் அனுப்பத் தொடங்கவேண்டும்.

மூன்றாவது, நேரக் கணக்கு. ஓடைகள் பலவற்றில் நேரம் கிரீன்விச் முறையில் குறிக்கப்பட்டிருக்கும். நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முந்தியது. 14-ம் தேதி இரவு 8-30 மணி என்று கிரீன்விச் கணக்கில் உள்ளது நமக்கு 15-ம் தேதி அதிகாலை 2 மணி. இதை மாற்றாமல் அனுப்பினால், இன்று இரவுக்கான எச்சரிக்கையைச் சென்ற இரவுக்கு உரியதென்று குடியானவன் தள்ளிவிடக்கூடும்.

நான்காவது, இவற்றுள் மிக முக்கியமானது, காலங்கடந்த எச்சரிக்கை. சர்வர் ஒரு நாள் நின்று மறுநாள் உயிர்பெற்றால், நேற்றுச் சேர்ந்த எச்சரிக்கைகளையெல்லாம் நிரல் இன்றையன போல அனுப்பும். அறுவடைக்கு நிற்கும் நெல்லை உடைய ஒருவன், கனமழை என்ற அச்செய்தியை நம்பி, ஈரப்பதம் மிகுந்த கதிரை அவசரமாக அறுத்துவிட்டால், நஷ்டம் அவனுடையதே. எச்சரிக்கை ஓடைகளில் அது எந்த நேரம் வரை செல்லும் என்பது குறிக்கப்பட்டிருக்கும். அந்நேரம் கடந்ததை நிரல் அனுப்பாமல் விடும்படி அமைத்தல் கட்டாயம்.

ஐந்தாவது, அனுப்பும் வேகம். டெலிகிராமில் ஒரு பாட் மொத்தத்தில் விநாடிக்குச் சுமார் 30 செய்திகளுக்குமேல் அனுப்பலாகாது. விநாடிக்கு 25 என்று வைத்தால் 300 சந்தாதாரருக்கு 12 விநாடிகளில் சேர்ந்துவிடும். வேகம் மிஞ்சினால் எதிர்ச் சர்வர் 429 என்ற எண்ணுடன், எத்தனை விநாடி பொறுக்கவேண்டும் என்பதையும் சொல்லும். அதற்குக் கீழ்ப்படிந்து காத்திருத்தலே முறை. தம்மைத் தடைசெய்துகொண்ட சந்தாதாரருக்கு அனுப்புகையில் 403 என்ற விடை வரும். அவர் பெயரை உடனே பட்டியலிலிருந்து நீக்கிவிடவேண்டும்.

செய்தியை எழுதும் முறை

செல்பேசித் திரையில் ஒரு பார்வையில் அடங்குவதே நல்ல செய்தி. டெலிகிராம் ஒரு செய்திக்கு 4096 எழுத்துக் குறிகள் வரை இடம் தருகிறது. அவ்வளவும் நிரப்புதல் வீண். சாதாரணக் குறுஞ்செய்தியில் அனுப்ப நேர்ந்தால் இட நெருக்கடி மிக அதிகம். ஆங்கிலத்துக்கு 160 குறிகள் அடங்கும் இடத்தில் தமிழுக்கு 70 குறிகளே அடங்கும். அதிலும் உயிர்மெய் எழுத்துக்கள் பல இரண்டு குறிகளைக் கொள்கின்றன. விவசாயி என்னும் நான்கெழுத்துச் சொல்லே ஏழு இடங்களைப் பிடித்துக்கொள்ளும். ஆதலின் சுருங்கச் சொல்லும் பழக்கம் இன்றியமையாதது.

விலைச் செய்தியில் ஐந்து அம்சங்கள் தவறாமல் இருக்கவேண்டும்: எந்த மார்க்கெட்டு, எந்தத் தேதி, எந்த ரகம், எந்த அளவுக்கு, யாது விலை. சர்க்கார் தளங்களில் விலை குவிண்டாலுக்கு, அதாவது 100 கிலோவுக்கு, குறிக்கப்படுகிறது. குறைந்த விலை, உயர்ந்த விலை, பெரும்பான்மைச் சரக்கு விற்ற விலை என மூன்று காணப்படும். உயர்ந்த விலையை மாத்திரம் எடுத்து அனுப்புவது குடியானவனை ஏமாற்றுவதற்கு ஒப்பாகும். அவ்விலை ஒன்றிரண்டு முதல்தரக் குவியலுக்குக் கிடைத்ததாக இருக்கலாம். அதை நம்பி வண்டி வாடகை கொடுத்துச் சென்றவன் திரும்புகையில் அச்சேவையை மறுபடி நம்பான். பெரும்பான்மை விலையை முதலிலும், மற்ற இரண்டையும் பின்னும் தருவது நேர்மை.

பூச்சி மருந்து பற்றிய செய்தியில் மருந்தின் பெயர், ஏக்கருக்கு அளவு, தெளித்தபின் அறுவடைக்குக் காத்திருக்கவேண்டிய நாட்கள் ஆகியவற்றை விவசாயப் பல்கலைக்கழகமோ இலாகாவோ வெளியிட்டபடியே எழுதவேண்டும். நடத்துவோர் தம் ஊகத்தில் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் ஆகாது. தசமப் புள்ளி ஒன்று இடம் மாறினாலும் மருந்து பத்து மடங்காகிவிடும். எண்களை இருவர் படித்து ஒப்பிட்ட பின்னரே அனுப்புதல் நலம்.

ஒவ்வொரு செய்தியின் அடியிலும் மூலம் எது என்பதையும் முழு விவரத்தின் முகவரியையும் கொடுக்கவேண்டும். செய்தித்தாள்களின் கட்டுரைகளை முழுவதும் எடுத்து அனுப்புதல் அவர்களுடைய உரிமையைக் கவர்வதாகும். தலைப்பும் ஓரிரு வரிச் சுருக்கமும் இணைப்புமே தகும். நாளொன்றுக்கு மூன்று அல்லது நான்கு செய்திகள் போதும். அதற்கு மிஞ்சினால், மழை பெய்யாத மாதத்தில் ஓயாது கத்தும் தவளையைப்போல், கத்தினாலும் எவரும் செவிகொடார். விடியற்காலையில் வயலுக்குப் புறப்படுமுன் ஒன்று, மாலையில் மார்க்கெட்டு முடிந்தபின் ஒன்று என நேரம் நியமித்துக்கொண்டு, எச்சரிக்கையை மாத்திரம் எந்நேரமும் அனுப்புவது சிறந்தது.

வதந்தியும் திருத்தமும்

2018-ம் வருஷத்தில் குழந்தை கடத்துவோரைப்பற்றிச் செய்திச் செயலிகளில் பரவிய பொய் வதந்திகளால், தமிழ் நாடு உள்பட இந்தியாவின் பல இடங்களில் நிரபராதிகள் கூட்டத்தாரால் அடித்துக் கொல்லப்பட்டனர். அதன் பயனாகவே வாட்ஸப் ஸ்தாபனம் அவ்வருஷம் ஜூலை மாதத்தில், ஒரு செய்தியை ஒரே சமயத்தில் ஐந்து பேருக்குமேல் மறு அனுப்புதல் செய்ய இயலாதபடி இந்தியாவில் வரம்பு விதித்தது. விவசாயத்திலும் வதந்திக்குக் குறைவில்லை. இன்ன மான்யம் நாளையோடு முடிகிறது, இன்ன உரம் கிடைக்காது, இந்தக் கஷாயம் எல்லா நோயையும் தீர்க்கும் என்பன போன்றவை அடிக்கடி உலவுகின்றன. சேவையின் பெயரில் இத்தகையது ஒன்றேனும் போய்விட்டால், அதுவரை சேர்த்த நம்பிக்கை கரையும். வெளியிட்டவர் யார் என்று தெரியாத செய்தியை, எத்துணை நல்லதாகத் தோன்றினும், அனுப்பலாகாது.

எச்சரிக்கையோடு நடத்தினும் பிழை நேர்தல் உண்டு. நேர்ந்தால் பழைய செய்தியை ஓசையின்றி அழித்துவிடுவது போதாது; படித்தவன் படித்துவிட்டான். 'திருத்தம்' என்ற சொல்லை முதலில் இட்டு, முன்பு சொன்னது யாது, சரியானது யாது என்று இரண்டையும் தெளிவாக எழுதி, எல்லோருக்கும் அனுப்பவேண்டும். திருத்தத்தை ஒளிக்காத சேவையையே ஜனங்கள் நம்புவர்.

சந்தாதாரர் பட்டியல்

ஒருவருடைய பெயர், எண், ஊர், பயிர் ஆகியவை அவருக்குச் சொந்தமான விவரங்கள். 2023-ம் வருஷத்து எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தெளிவான சம்மதம் பெற்றே இவற்றைக் கையாளவேண்டும் என்றும், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுவது அதைக் கொடுத்ததைப்போலவே சுலபமாக இருக்கவேண்டும் என்றும் விதிக்கிறது. ஆகவே சேரும்போது என்ன அனுப்பப்படும் என்பதைச் சொல்லி, 'நிறுத்து' என்று ஒரு சொல் அனுப்பினால் விலகும் வசதியும் வைக்கவேண்டும். விதைக் கம்பெனிகளும் மருந்துக் கடைகளும் பட்டியலை விலைக்குக் கேட்கக்கூடும். கொடுப்பது சட்ட விரோதம் மாத்திரமன்று, நம்பிக்கைத் துரோகமுமாகும்.

பயிர்வாரியாகவும் பிர்க்காவாரியாகவும் சந்தாதாரர்களைப் பிரித்து வைத்தால், தென்னைக்காரனுக்கு நிலக்கடலைச் செய்தி போகாது. வேண்டாததை அனுப்பாமல் இருப்பது, வேண்டியதை அனுப்புவதற்குச் சமமான தொண்டாகும்.

படிக்க இயலாதவர்களையும் மறக்கலாகாது. பல வீடுகளில் செல்பேசி மகன் கையில் இருக்கும். களையெடுப்பும் நாற்று நடவும் அறிந்த தாய்க்குச் செய்தி சேராது. முக்கியமான செய்தியை ஒரு நிமிஷத்துக்குள் அடங்கும் குரல் பதிவாகவும் அனுப்புவது நலம். பால் சங்கத்தின் கரும்பலகையில் அன்றைய சுருக்கத்தை ஒருவர் எழுதி வைத்தால், செல்பேசி இல்லாதவரும் காலையில் பால் ஊற்ற வரும்போது படித்துச் செல்வர். சந்தேகம் கேட்போரைக் கட்டணமில்லாத கிஸான் கால் சென்டருக்கு 1800-180-1551 என்ற எண்ணில் பேசும்படி சொல்லலாம். இச்சேவை 2004-ம் வருஷம் முதல் நடைபெறுகிறது.

செலவும் உழைப்பும்

சிறு சர்வருக்கு மாதம் சில நூறு ரூபாய் வாடகையாகும். நிரலை ஒருமுறை எழுதிவிட்டால் அதற்குத் தொடர் செலவில்லை. உண்மையான செலவு மனித உழைப்பே. நாள்தோறும் ஒரு மணி நேரம் படித்துச் சுருக்க ஒருவரும், அவர் வெளியூர் செல்லும்போது பதிலாக ஒருவரும் வேண்டும். ஓடைகளின் முகவரி சில சமயங்களில் முன்னறிவிப்பின்றி மாறும். அப்போது நிரல் பிழை ஒன்றும் சொல்லாமல் மௌனமாயிருக்கும். குடியானவன் அம்மௌனத்தைச் செய்தி ஒன்றும் இல்லை, ஆபத்தும் இல்லை என்று பொருள் கொள்வான். ஆகவே எந்த ஓடையாவது இரண்டு தினங்கள் வறண்டிருந்தால், நடத்துவோருக்கு நிரலே தகவல் கொடுக்கும்படி அமைக்கவேண்டும். சேவையை மூட நேர்ந்தாலும், ஒரு மாதம் முன்னதாக அறிவித்துவிட்டே மூடவேண்டும்.

சேவை தடைப்படும் காலம்

பிறருடைய செயலியை நம்பி நடத்தும் சேவை பிறர் நிலத்தில் கட்டிய வீட்டைப் போன்றது. ஓடைகளைப் படிக்க உலகெங்கும் பலர் உபயோகித்த கூகிள் ரீடர் 2013-ம் வருஷம் ஜூலை 1-ந் தேதி மூடப்பட்டது. யாஹூ மெஸஞ்சர் 2018-லும், 1996-ம் வருஷத்தில் தொடங்கிய ஐ.சி.க்யூ. 2024-லும் நின்றன. அவற்றின்மேல் கட்டப்பட்ட சிறு சேவைகளெல்லாம் அவற்றோடு போயின. சந்தாதாரர் பட்டியலைச் செயலியில் மாத்திரம் வைக்காமல், அவர்கள் சம்மதத்துடன் சங்கத்தின் பதிவேட்டிலும் எழுதி வைத்திருந்தால், ஒரு செயலி நின்றாலும் மற்றொன்றுக்கு மாறலாம்.

இயற்கையின் தடை இதனினும் கடியது. 2018-ம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. தஞ்சாவூர், புதுக்கோட்டை ஜில்லாக்களிலும் தென்னந்தோப்புக்கள் அடியோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் விழுந்தமையால் பல கிராமங்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. செல்பேசிக் கோபுரங்களும் செயலற்றன. புயலுக்கு முன் அனுப்பும் செய்தியே பயன்படும். பின் அனுப்புவது போய்ச் சேராது. எனவே புயல் எச்சரிக்கையோடு, செல்பேசியை முழுவதும் மின்னேற்றி வைத்தல், கால்நடைகளை அவிழ்த்து மேட்டுக்குக் கொண்டுபோதல், பயிர் இன்ஷூரன்ஸ் பிரீமியம் கட்டிய ரசீதைப் பத்திரப்படுத்தல் ஆகியவற்றையும் சேர்த்தே முதல் செய்தியில் சொல்லிவிடவேண்டும். தண்டோராவும் கோயில் ஒலிபெருக்கியும் இன்னும் வேலையற்றுப் போகவில்லை என்பதையும் நினைவில் வைத்தல் நலம்.

தொடங்க விரும்புவோருக்கு

முதலில் ஒரே ஊரில், ஒரே பயிருக்கு, முப்பது பேரை மாத்திரம் சேர்த்துக்கொண்டு ஒரு போகம் நடத்திப் பார்த்தல் உத்தமம். போகத்தின் முடிவில் அவர்களை ஓரிடத்தில் கூட்டி, எந்தச் செய்தியால் எவர் என்ன செய்தார் என்று விசாரித்து எழுதிக்கொள்ளவேண்டும். மருந்தடிப்பதை ஒரு நாள் ஒத்திவைத்து மழையில் கரையாமல் காப்பாற்றினேன், இரண்டு மார்க்கெட்டு விலையை ஒப்பிட்டு விற்றேன் என்பன போன்ற விடைகள் வருமானால், அச்செய்திகளைத் தொடர்ந்து அனுப்பலாம். எவரும் எதுவும் செய்யாத செய்திகளை நிறுத்திவிடவேண்டும். இவ்வாறு போகத்துக்குப் போகம் களையெடுத்து நடத்தப்படும் சேவை, முப்பது பேரிலிருந்து முந்நூறு பேருக்கு வளர்வது கடினமன்று. வளராமல் முப்பது பேரோடே நின்றாலும், அம்முப்பது பேரின் நிலங்களில் படைப்புழு குருத்துக்குள் புகுமுன் கண்டுகொள்ளப்படுமாயின், செய்த முயற்சி பலித்ததாகவே கொள்ளலாம்.